பாட்டு அவனுடையது, படகு யாருடையது?

பசிபிக் பெருங்கடலின் பாலினேசியத் தீவுகளிலே ஒரு பழங்கதை நாயகன் உண்டு. மௌயி என்பது அவன் பெயர். பாதி மனிதன், பாதி தேவன். தூண்டிலிட்டுக் கடலடியிலிருந்து தீவுகளை இழுத்தவன், விரைந்தோடிய ஞாயிற்றைக் கயிற்றால் கட்டிப் பகலை நீட்டியவன் என்றெல்லாம் பேசுகின்றன அக்கதைகள். 2016-ஆம் ஆண்டு டிஸ்னி நிறுவனம் வெளியிட்ட 'மோவானா' படம் அவனைத் திரைக்குக் கொணர்ந்தது. லின்-மானுவல் மிராண்டா இயற்றிய பாட்டிலே, டுவைன் ஜான்சனின் குரலிலே, மௌயி தன் பெருமையைத் தானே முழங்குகிறான்.

விந்தையான முழக்கம்! வானத்தை உயர்த்தியது தான், நெருப்பைக் கொணர்ந்தது தான், விலாங்கைக் கொன்று புதைத்துத் தென்னையை முளைக்க வைத்ததும் தானே என்று அடுக்குகிறான். எதிரே நிற்கும் மங்கை மோவானா அவனுக்கு நன்றி கூறவில்லை. சொன்னதாகவே கொண்டு, பெருந்தன்மையோடு அதை ஏற்றும் கொள்கிறான்!

அவள் வந்தது நன்றி கூறவா? இல்லை, நியாயம் கேட்க! அவன் திருடிய தேவியின் இதயக் கல்லால் அவள் தீவிலே தேங்காய் கருகிற்று, மீன் வற்றிற்று. பட்டியலிலே அந்தத் திருட்டு மட்டும் இல்லை. பாட்டு முடிகிறது, மங்கை குகையில் அடைபடுகிறாள், அவள் படகு அவன் கைக்குப் போகிறது. பாட்டின் பொருள் முழுவதும் இங்கேதான் இருக்கிறது என்போம். புகழைக் கேட்டு வாய்பிளந்து நிற்கும் நேரமே, பொருளைப் பறிகொடுக்கும் நேரம்!

உண்மையிலே அத்தீவுகளை அளித்தவர் யார்? ஹவாயை எழுப்பியது எரிமலை. அதைக் கண்டு குடியேறியவர்கள் மனிதர்கள். திசைகாட்டி இல்லை, வரைபடம் இல்லை. விண்மீனையும் அலையின் போக்கையும் பறவையின் பாதையையும் படித்தே கடல் கடந்தார்கள். தென்னை ஹவாய்க்குச் சென்றது விலாங்கின் குடலிலிருந்து அன்று, அவர்களுடைய படகிலே! காற்றடித்து ஒதுங்கியவர்கள் என்று சிலர் அவர்களை இகழ்ந்ததுண்டு. 1976-ல் மௌ பியாய்லுக் என்ற மாலுமி, கருவி ஏதுமின்றி 'ஹோகுலேயா' படகை ஹவாயிலிருந்து டஹிட்டிக்கு, ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர், செலுத்தி அந்த இகழ்ச்சிக்கு விடை தந்தார்.

பழங்கதை சொன்ன மக்களும் ஏமாளிகள் அல்லர். மரணத்தையே வெல்லப் புறப்பட்ட மௌயி, விசிறிவால் குருவி ஒன்று சிரித்துவிட்டதால் மாண்டான் என்று நியூசிலாந்தின் மவோரிகள் கூறுவர். தாம் படைத்த நாயகனுக்கு எல்லை வகுத்த அந்தத் தெளிவு, பாட்டிலே இடம்பெறவில்லை.

படத்தின் பிற்பகுதியோ உண்மையை ஒப்புக்கொள்கிறது. பெற்ற மனிதர்களே கடலில் எறிந்த குழந்தை மௌயி. மனிதரின் அன்பைப் பெறவே அத்தனை அருஞ்செயலும்! அப்படியானால், கொடையாளியின் குரலிலே ஒலிப்பது இரவலனின் ஏக்கமன்றோ? மனிதர் புகழாவிடில் தேவனுக்கு வாழ்வில்லை. படைத்தவன் எவன், படைக்கப்பட்டவன் எவன் என்பதை நாமே எண்ணிப் பார்ப்போம்.

இனிய பாட்டுத்தான், பாடுவோம், தடையில்லை. ஆனால் இளைஞர்களே, எவரேனும் நம் முன்னோர் உழைப்பைத் தம் கொடையென்று கூறி நன்றி கேட்டால், தலையை வணங்குமுன் கரையைத் திரும்பிப் பார்ப்போம். படகு இருக்கிறதா?