பசியும் படைப்பாற்றலும்: மலைபடுகடாம் வழி மாஸ்லோவின் கோட்பாடு குறித்த மறுவாசிப்பு

முன்னுரை

தமிழ் இலக்கியத்தை உளவியல் நோக்கில் அணுகும் ஆய்வுகளில் ஆபிரகாம் மாஸ்லோவின் தேவைப் படிநிலைக் கோட்பாடு அடிக்கடி எடுத்தாளப்பெறுகிறது. உடல்சார் தேவை, பாதுகாப்பு, அன்பும் உறவும், மதிப்பு, தன்திறன் நிறைவு என்னும் ஐந்து தலைப்புகளின்கீழ்ப் பாடலடிகளை வகைப்படுத்துவதோடு அவற்றுள் பல நின்றுவிடுகின்றன. இம்முறை ஆற்றுப்படை நூல்களுக்குப் பொருத்தப்படும்பொழுது, பசித்த கலைஞன் முதற்படியில் நிற்பவனாகவும் பரிசில் பெற்ற பின்னரே மேற்படிகளில் ஏறத் தகுதி பெறுபவனாகவும் காட்டப்படுகிறான். இம்முடிவு பாடலுக்கும் பொருந்தவில்லை, மாஸ்லோவுக்கும் பொருந்தவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். சவ்வாதுமலையை அடுத்த செங்கத்து வேள் நன்னனைப் பாடும் மலைபடுகடாம் இதற்குச் சான்றாக எடுத்துக்கொள்ளப்பெறுகிறது.

மாஸ்லோ கூறியதும் கூறாததும்

மாஸ்லோ தம் கோட்பாட்டை 1943இல் ஒரு கட்டுரையாகவும் 1954இல் விரிவான நூலாகவும் வெளியிட்டார். மனிதன் தன்னுள் உறையும் ஆற்றல்களை முழுமையாக வெளிப்படுத்தும் நிலையே தன்திறன் நிறைவு. இச்சொல்லாட்சியை அவர் கூர்ட் கோல்ட்ஸ்டைனிடமிருந்து பெற்றார். இன்று பாடநூல்தோறும் காணப்படும் முக்கோணப் படத்தை அவர் வரையவில்லை. அது 1960இல் சார்லஸ் மெக்டெர்மிட் என்னும் மேலாண்மை ஆலோசகரின் கட்டுரையில் வெளிவந்தது. ஒரு தேவை முற்றிலும் நிறைவேறிய பின்னரே அடுத்தது தோன்றும் என்பதும் மாஸ்லோவின் கருத்தன்று. அடிப்படைத் தேவைகள் நிறைவேறாத நிலையிலும் படைப்பூக்கம் மேலோங்கி நிற்கும் மனிதர்கள் உளர் என்பதை 1943ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே அவர் விதிவிலக்காகப் பதிவு செய்துள்ளார். ஆகவே, தமிழாய்வுகளில் பெரிதும் பயன்படுவது மாஸ்லோவின் கோட்பாடு என்பதைவிட, முக்கோணத்தின் கோட்பாடு என்பதே பொருந்தும்.

கூத்தரின் கலப்பை

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம் 583 அடிகளை உடையது. இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் இயற்றிய இந்நூல் கூத்தராற்றுப்படை எனவும் வழங்கும். இதில் வரும் நவிரமலையை இன்றைய பருவதமலையோடும், சேயாற்றைச் சவ்வாதுமலையில் தோன்றும் செய்யாற்றோடும் இணைத்துக் காண்பது வழக்கம்.

பாடல் கூத்தரின் வறுமையிலிருந்து தொடங்கவில்லை; அவர்தம் இசைக்கருவிகளிலிருந்து தொடங்குகிறது. முழவு, ஆகுளி, பாண்டில், தூம்பு, குழல் எனக் கருவிகள் ஒவ்வொன்றாகப் பேசப்படுகின்றன. அவற்றைச் சுமக்கும் பைகள் பலா மரத்தில் கொத்தாகத் தொங்கும் காய்களுக்கு ஒப்பிடப்படுகின்றன. பரிசில் பெறாத நிலையிலும் கருவிகள் செம்மையாகக் கட்டப்பட்டுள்ளன. கலை ஆயத்தமாக உள்ளது. பசி கூத்தரின் பயணத்துக்குக் காரணமாகலாம். அவர்தம் கலைக்கு அது காரணமுமன்று, தடையுமன்று.

மலைவாழ் மக்களின் படைப்பாற்றலையும் பாடல் இவ்வாறே காண்கிறது. மலையில் எழும் பல்வகை ஓசைகளை யானையின் மதமாக உருவகித்ததால் நூல் இப்பெயர் பெற்றது. அவ்வோசைகளுள் இரண்டு இங்குக் கருதத்தக்கவை. ஒன்று, புலி பாய்ந்ததால் கணவர் மார்பில் ஏற்பட்ட புண்ணை ஆற்றுவதற்குக் காவலாகக் கொடிச்சியர் பாடும் பாட்டு. மற்றொன்று, தினை குற்றும் மகளிரின் வள்ளைப்பாட்டு. முன்னது பாதுகாப்பு குலைந்த கணத்தில் பிறக்கிறது. பின்னது உணவு ஆக்கும் உழைப்பினூடே பிறக்கிறது. முக்கோணம் கீழ்ப்படிகள் என ஒதுக்கும் இடங்களிலேயே படைப்பு நிகழ்கிறது. தனித்திறன் சார்ந்த படைப்பாற்றலையும் அன்றாடச் செயல்களில் வெளிப்படும் படைப்பாற்றலையும் மாஸ்லோ பின்னாளில் வேறுபடுத்தினார்; சிறந்த சமையலும் படைப்பே என ஏற்றார். வள்ளைப்பாட்டை விளக்க முக்கோணத்தைவிட இவ்வேறுபாடே பயன் தருகிறது.

உணவும் உறவும்

மலைச்சிற்றூருக்குச் செல்லும் கூத்தர் தம் சொந்த இல்லத்துள் புகுவதுபோலத் தயங்காது புகலாம். உரிமையுடைய உறவினர்போலக் கேளாமலே கலந்து பழகலாம் என ஆற்றுப்படுத்துவோன் கூறுகிறான். நெய்யில் வெந்த இறைச்சியும் தினைச்சோறும் அவ்வுறவின் தொடர்ச்சியாகவே வருகின்றன. இங்கு உணவு முதற்படியும் உறவு மூன்றாம் படியும் அல்ல. இரண்டும் ஒரே செயலின் இரு பக்கங்கள். அயலானாக நிறுத்தி இடப்பட்டிருந்தால் அச்சோறு பசியைத் தணித்திருக்கும். கூத்தனைக் கூத்தனாக ஏற்றிருக்காது.

வழிகாட்டுவோனின் செயலும் இத்தகையதே. பன்றிக்கு வைத்த பொறிகள், தினைப்புனம் காப்போர் கவணால் எறியும் கற்கள், நின்று வழிபட வேண்டிய நடுகற்கள் ஆகியவற்றை அவன் நுட்பமாக எடுத்துரைக்கிறான். பெற்றவர் பெறாதவர்க்கு வழியுரைத்தல் எனத் தொல்காப்பியம் வகுக்கும் ஆற்றுப்படை இலக்கணத்தில், ஒருவரின் நிறைவு மற்றொருவரின் நிறைவுக்கு வழியாகிறது. தன்திறன் நிறைவைத் தனிமனிதன் ஏறும் சிகரமாகக் கொண்டால் இவ்வமைப்பு புலப்படாது.

வியப்பு யாதெனில், மாஸ்லோவும் இதனைக் கண்டிருந்தார். 1938ஆம் ஆண்டுக் கோடையில் கனடாவின் ஆல்பர்ட்டா பகுதியில் பிளாக்ஃபுட் என்றழைக்கப்படும் சிக்சிகா பழங்குடியினரிடையே அவர் களப்பணி செய்தார். செல்வத்தைச் சேர்ப்பவர் அன்றிக் கொடுப்பவரே மதிக்கப்படும் அச்சமூகத்தைத் தன்னலமும் பிறர்நலமும் முரணாத சமூகத்துக்கு எடுத்துக்காட்டாகப் பின்னர்ச் சுட்டினார். நன்னனின் கொடையையும் குறவரின் விருந்தையும் ஒப்பிட்டு ஆராய இப்பகுதி நமக்கு உதவும். தமிழாய்வுலகில் அது போதிய கவனம் பெறவில்லை.

சவ்வாதுமலையின் இன்றைய பொருத்தம்

இவ்விவாதம் சங்க இலக்கியத்தோடு முடிவதன்று. திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரவியுள்ள சவ்வாதுமலையின் மலையாளிப் பழங்குடியினரை அடிப்படைத் தேவைகளின் நிலையில் வாழ்பவர்களாக மட்டுமே காணும் பார்வை இன்றும் உண்டு. சாமையும் தினையும் விளைவிக்கும் அறிவு அப்பார்வையில் பிழைப்பாகிறது, படைப்பாவதில்லை. 2024இன் தொடக்கத்தில், சவ்வாதுமலையை அடுத்த புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி தம் 23ஆம் வயதில் உரிமையியல் நீதிபதித் தேர்வில் வெற்றி பெற்றார். மகப்பேறு நிகழ்ந்த சில நாள்களில் அவர் தேர்வெழுதியது பரவலாக வியந்து பேசப்பட்டது. முக்கோணத்தை நம்புவோர்க்கு இது விதிவிலக்கு. மலைபடுகடாத்தை வாசித்தோர்க்கு இதில் விதிவிலக்கு ஏதுமில்லை. குடும்பத்தாரின் துணையும் அவ்வெற்றியோடு சேர்த்தே பேசப்பட்டது. ஆற்றலும் அதனைத் தாங்கும் உறவும் ஒருங்கே இயங்கியதை அது காட்டுகிறது.

இதனைக் கொண்டு பசி படைப்பை வளர்க்கும் என முடிவு கட்டுதல் பெரும்பிழை. மலைபடுகடாம் வறுமையைப் போற்றவில்லை. வழிநெடுக விருந்தையே பேசுகிறது. சாலையும் பள்ளியும் மருத்துவமும் மலைமக்களின் உரிமைகள். அவை வந்த பின்னரே அவர்களிடம் ஆற்றல் தோன்றும் எனக் கருதுவதே மறுக்கத்தக்கது.

முடிவுரை

மாஸ்லோவின் கோட்பாட்டைத் தமிழாய்வு கைவிட வேண்டியதில்லை. முக்கோணத்தைக் கைவிட்டால் போதும். படிநிலைகளை முன்முடிவாகக் கொண்டு பாடலடிகளைத் தேடுவதற்கு மாறாக, தேவைகள் எவ்வாறு ஒன்றோடொன்று பின்னியுள்ளன எனப் பாடலிடம் கேட்பதே முறை. அவ்வாறு கேட்கும்பொழுது மலைபடுகடாம் கோட்பாட்டுக்குச் சான்று தரும் நூலாக மட்டும் நில்லாது, கோட்பாட்டைத் திருத்தும் நூலாகவும் அமையும். எஞ்சிய ஆற்றுப்படைகளையும் இந்நோக்கில் விரிவாக ஆராய இடமுண்டு.