புலி தரிசனம் யாருக்கு நல்லது?

ராஜஸ்தானின் ரந்தம்பூர் தேசியப் பூங்காவுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் புலியைப் பார்க்கவே போகிறார்கள். பட்டப்பகலில் ஏரிக்கரையில் புலி நடமாடும் காடு என்பதுதான் அதன் புகழ். இந்தப் பயணத்தால் புலிக்கு நன்மையா, தீமையா என்பதை விருப்பு வெறுப்பின்றி எடைபோட வேண்டும்.

நன்மை கண்கூடானது. மச்லி என்ற பெண்புலியைப் பயணிகளின் படங்களும் ஆவணப்படங்களும் உலகறியச் செய்தன. 2016-ல் அது இறந்தபோது மாலையிட்டு எரியூட்டினார்கள். ஒரு காட்டு விலங்கின் சாவை மக்கள் தம் வீட்டு இழப்பாக உணர்ந்தது சிறிய மாற்றமில்லை. வழிகாட்டிகள், ஜிப்ஸி வண்டி ஓட்டுநர்கள் எனப் பல குடும்பங்களுக்குப் புலி சோறு போடுகிறது.

ஆனால், பயணிகள் நடமாடினாலே கள்ளவேட்டை நின்றுவிடும் என்ற வாதத்தை ஏற்க முடியாது. அதே மாநிலத்தின் சரிஸ்கா புலிகள் காப்பகத்துக்கும் பயணிகள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். 2005 வாக்கில் அங்கே ஒரு புலிகூட மிஞ்சவில்லை. 2008-ல் ரந்தம்பூரிலிருந்து ஹெலிகாப்டரில் புலிகளைக் கொண்டுபோய் விட வேண்டியிருந்தது. பயணிகளின் கண் பகலில், குறிப்பிட்ட சில பாதைகளில் மட்டுமே இருக்கும். இரவிலும் ஒதுக்குப்புறங்களிலும் ரோந்து செல்லும் வனக்காவலரின் வேலையை அது செய்யாது.

தீமையின் வேர், பயணத்தின் வெற்றியைப் புலியை மட்டும் வைத்து அளப்பதில் இருக்கிறது. கடமானின் எச்சரிக்கைக் குரல் கேட்டதும் வண்டிகள் அந்தத் திசையில் பறக்கின்றன. புலி தென்பட்டால் வழியை அடைத்து நிற்கின்றன. கான்ஹா, பாந்தவ்கர் காப்பகங்களில் புலிகளின் எச்சத்தை ஆராய்ந்த ஹைதராபாத் விஞ்ஞானிகள், சுற்றுலாப் பருவத்தில் அவற்றின் மன அழுத்த ஹார்மோன் கூடுவதைக் கண்டார்கள். ஓட்டுநரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. புலியைக் காட்டினால்தான் அவருக்கு அன்பளிப்பு கிடைக்கிறது.

2012 ஜூலையில் காப்பகங்களின் மையப் பகுதியில் சுற்றுலாவுக்கு இடைக்காலத் தடை விதித்த உச்ச நீதிமன்றம், புதிய நெறிமுறைகள் வந்தபின் அக்டோபரில் அதை விலக்கியது. மையப் பகுதியில் 20 சதவீதத்துக்கு மேல் சுற்றுலா கூடாது என்பது அவற்றுள் ஒன்று. நல்ல விதிதான். ஆனால் பரப்பை மட்டும் சுருக்கினால், எல்லா வண்டிகளும் அந்தக் கொஞ்ச இடத்திலேயே நெருக்கும். ஒரு புலியின் அருகே எத்தனை வண்டி, எவ்வளவு நேரம் என்பதையும் கண்டிப்புடன் கண்காணிக்க வேண்டும்.

பணம் யாருக்குப் போகிறது என்பதும் முக்கியம். காட்டோர கிராமம் புலியிடம் மாட்டை இழக்கிறது. லாபத்தின் பெரும்பங்கு விடுதிகளுக்குப் போகிறது. இதற்கு மாற்றுவழியைத் தேக்கடி காட்டுகிறது. அங்குள்ள பெரியார் காப்பகத்தில் முன்பு மரப்பட்டை திருடியவர்களும் வேட்டையாடியவர்களும் 1990-களின் பிற்பகுதியிலிருந்து காவலுக்கும் வழிகாட்டவும் வந்தார்கள். அங்கே புலி கண்ணில் படுவது அரிது. ஆனாலும் அவர்களோடு காட்டில் நடக்க மக்கள் வருகிறார்கள்.

புலி பார்க்கும் பயணத்தைத் தடைசெய்யத் தேவையில்லை, திருத்தினால் போதும். அதில் பாதிப் பொறுப்பு நம்முடையது. இன்னும் கிட்டே போகச் சொல்லி ஓட்டுநரை நெருக்காதீர்கள். புலி தென்படாத நாளிலும் வழிகாட்டிக்கு மனநிறைவோடு அன்பளிப்பு கொடுங்கள்.