ஐந்து எழுத்து, அதில் ஒரு இசட்

புஸ்வாணம், சங்குசக்கரம், பிஜிலி, குருவி வெடி, லட்சுமி வெடி எல்லாம் ஊருக்கே பொதுவான பெயர்கள். சிவகாசியில் எந்தக் கம்பெனி வேண்டுமானாலும் பெட்டியில் போட்டுக்கொள்ளலாம். ஃபேன்சி ரகங்கள் அப்படியல்ல. சீசனுக்குச் சீசன் புதுப் பெயர் வேண்டும், அதுவும் இங்கிலீஷில் இருந்தால் நல்லது. சரக்கு வடக்கே போகிறதே!

பெட்டியின் முகப்பிலோ இடம் சுருங்கிக்கொண்டே வருகிறது. 2018இல் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புக்கும் சரவெடிக்கும் தடை போட்டு, பசுமைப் பட்டாசுக்கு மட்டும் வழிவிட்டது. அதன் பிறகு பசுமை முத்திரை, கியூஆர் கோடு என்று ஒவ்வொன்றாகப் பெட்டியில் ஏறிவிட்டன. மிச்ச இடத்தில் பெயர் பளிச்சென்று தெரிய வேண்டுமானால் நாலைந்து எழுத்துக்குள் முடித்தாக வேண்டும். “அஞ்சு எழுத்துல சொல்லுப்பா, அதுல ஒரு இசட் வரட்டும், மின்னல் வெட்டுற மாதிரி இருக்கும்” என்று முதலாளி கேட்டால், லேபிள் டிசைனர் அகராதியைப் பக்கம் பக்கமாகப் புரட்டவா முடியும்?

இந்த வேலைக்காக நான் சோதித்துப் பார்த்தது ஒன்லுக். 1996இல் டக் பீஃபர்மன் தொடங்கிய அகராதித் தேடுபொறி. காசு கிடையாது, போன் பிரவுசரிலேயே ஓடுகிறது. இதே வேலைக்கு ஆப்களும் ஏராளமாக இருக்கின்றன. ஆனால் அவற்றில் பல ஸ்கிராபிள் ஆடுகிறவர்களை மனதில் வைத்துச் செய்தவை. எழுத்தை மட்டும் பார்க்கும், பொருளைப் பார்க்காது. ஒன்லுக்கிடம் இரண்டையும் கேட்கலாம்.

கேட்கும் முறை சுலபம். ஒரு கேள்விக்குறி என்றால் ஏதோ ஓர் எழுத்து. நட்சத்திரக் குறி என்றால் எத்தனை எழுத்தும் வரலாம். இரண்டு நிபந்தனைகளைச் சேர்க்க நடுவில் கமா. ஆக முதலாளியின் ஆசையை இப்படி அடிக்க வேண்டும்: ஐந்து கேள்விக்குறி, கமா, நட்சத்திரம், இசட், நட்சத்திரம். தட்டியதும் சொற்கள் வந்து கொட்டுகின்றன. பிளேஸ், பிளிட்ஸ், அஷ்யூர், ஓசோன், டோபாஸ், பீட்ஸா, பூஸ் என்று கலந்துகட்டி வரும். ஓசோனைப் பட்டாசுப் பெட்டியில் போட்டால் கேலிக்கு வேறு ஆள் தேவையில்லை. டோபாஸ் என்றதும் நம் ஆட்களுக்குச் சவர பிளேடுதான் நினைவுக்கு வரும். பூஸ் என்றால் சாராயம். அஷ்யூரை நாலு கடைக்காரர் நாலு விதமாக வாசிப்பார்கள். இதையெல்லாம் கழிக்க மனிதத் தலைதான் வேண்டும்.

அபூர்வ எழுத்தைக் கேட்பதில் ஒரு லாபம் இருக்கிறது, பட்டியல் சிறுத்துவிடும். ‘இ’ வரும் சொல் கேட்டால் படித்து மாளாது. ஈய எழுத்துக் கோத்த காலத்து அச்சகக்காரர்களுக்கு இது புதிதல்ல. இங்கிலீஷ் கேஸில் சின்ன ‘இ’க்குத்தான் பெரிய அறை. ஸ்கிராபிளை உருவாக்கிய ஆல்ஃபிரட் பட்ஸும் 1930களில் செய்தித்தாள்களில் எழுத்துகளை எண்ணிப் பார்த்துத்தான் ‘இ’க்கு 12 கட்டைகளும் இசட்டுக்கு ஒரே ஒரு கட்டையும் ஒதுக்கினார். அந்த ஒன்றுக்கு 10 புள்ளி.

எனக்குப் பிடித்தது கோலன் வசதி. ஐந்து கேள்விக்குறிக்குப் பின் கோலன் வைத்து ‘ஃபயர்’ என்று அடித்தால், நெருப்போடு உறவுள்ள ஐந்தெழுத்துச் சொற்களைத் தேடித் தருகிறது. பிளேஸ், ஃபிளேம், டார்ச் எல்லாம் சரி. கூடவே ஆர்சனும் வந்து நிற்கிறது. தீ வைப்புக் குற்றம்! வெடிவிபத்துச் செய்தி ஓயாத இந்த வட்டாரத்தில் அதைத் தெரியாமல் லேபிளில் ஏற்றிவிட்டால் என்ன ஆவது? சொல்லைத் தொட்டு அர்த்தத்தைப் படிக்காமல் எதையும் எடுக்காதீர்கள்.

வேர்டில் என்ற சொல் விளையாட்டை ஆடுகிறவர்களுக்கு இதில் கழித்தல் குறியும் உண்டு. வரக்கூடாத எழுத்துகளை அதன் பின்னால் அடித்தால் அவை இல்லாத சொற்கள் மட்டும் மிஞ்சும். அது பரீட்சையில் பிட் அடிப்பது போலத்தான், அவரவர் இஷ்டம்.

லேபிள்காரருக்கு உண்மையான குறை வேறு இடத்தில் இருக்கிறது. இந்தக் கருவி எழுத்தை எண்ணுகிறது, பெட்டியோ மில்லிமீட்டரில் அளக்கிறது. கோரல் டிராவில் பிளிட்ஸையும் மேக்மாவையும் ஒரே ஃபாண்டில், ஒரே அளவில் பெரிய எழுத்தில் போட்டுப் பாருங்கள். இரண்டும் இங்கிலீஷில் ஐந்தெழுத்துதான். எல், ஐ, டி ஒல்லியானவை என்பதால் பிளிட்ஸ் அடங்கி நிற்கும். இரண்டு எம்மைச் சுமக்கும் மேக்மா கியூஆர் கோடு வரை போய் இடிக்கும். பட்டாசுக்கு மேக்மா அருமையான பெயர், அகலமான பெட்டிக்கு வைத்துக்கொள்ளலாம்.

தமிழ்ப் பெயர் தேட ஒன்லுக் உதவாது. தமிழில் இப்படி ஒரு கருவி செய்வதும் கேள்விக்குறியை எண்ணும் அளவுக்குச் சுலபமில்லை. புஸ்வாணம் நமக்கு ஐந்தெழுத்து. யூனிகோடில் கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனிக் குறியீடுகள் என்பதால் கம்ப்யூட்டருக்கு அது ஒன்பது. நம் கணக்குப்படி எழுத்தைப் பிரித்துத் தர ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நிரல்தொகுப்பு இருக்கிறது. யாராவது அதன்மேல் ஒரு தேடுபெட்டி கட்டிக் கொடுத்தால் காலண்டர் கம்பெனிகளுக்கும் உபயோகப்படும்.

பெயர் பிடித்துப்போனதும் நேரே பிளேட் போடக் கொடுத்துவிடாதீர்கள். வணிகச் சின்னப் பதிவகத்தின் இணையத் தேடலில் 13ஆம் வகுப்பைப் பாருங்கள், பட்டாசு அதில்தான் வருகிறது. தீப்பெட்டிக்கு 34ஆம் வகுப்பு. 13இல் காலியாக இருக்கும் பெயரை 34இல் பக்கத்துத் தெருத் தீப்பெட்டிக் கம்பெனி வைத்திருக்கலாம், அதனால் இரண்டையும் பார்த்துவிட்டு, சந்தேகம் இருந்தால் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அச்சுக்கு அனுப்புங்கள்.