கேண்டிடாவுக்கு ப்ரோபயாடிக்: எந்தக் கேண்டிடாவுக்கு?

போன மே மாதம் எங்கள் தெரு அக்கா ஒருவருக்கு கூரியரில் ஒரு பாட்டில் வந்தது. படப்பையில் தங்கி ஒரகடம் கம்பெனிகளுக்குப் போகும் பையன்களுக்கு மெஸ் நடத்துகிறவர். மதியம் அடுப்படியை விட்டு நகர முடியாது என்பதால் பார்சலை எங்கள் வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். சாயங்காலம் நான் எடுக்கும்போது பாட்டில் சுட்டது. லேபிளில் '25 டிகிரிக்குக் கீழே வைக்கவும்' என்று போட்டிருந்தது. அறுபது காப்ஸ்யூல், 1,450 ரூபாய். கேண்டிடா பூஞ்சைக்கான ப்ரோபயாடிக்காம். மூன்றாவது பாட்டில் என்றார் அக்கா.

'குடல் சரியில்ல தம்பி, அதுக்குத்தான்' என்பதோடு என்னிடம் நிறுத்திக்கொண்டார். மீதியை என் மனைவியிடம்தான் சொல்லியிருந்தார். அதற்குக் கடைசியில் வருகிறேன். மனைவி கேட்ட கேள்வி, 'இது வேலை செய்யுமா, செய்யாதா?' இரண்டு மாதம் உட்கார்ந்து படித்தேன். நான் டாக்டர் இல்லை, சாஃப்ட்வேர் ஆள். படித்ததில் எனக்குப் புரிந்தது இது.

இந்தச் சரக்கை விற்கும் வீடியோக்களும் பக்கங்களும் காட்டுகிற ஆய்வுகள் பெரும்பாலும் நிஜமானவைதான். சிக்கல் என்னவென்றால், ஆய்வு ஒரு நோயைப் பற்றியது, பாட்டில் இன்னொரு நோய்க்கு விற்கப்படுகிறது. 'கேண்டிடா' என்ற ஒரே பெயருக்குள் மூன்று தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன.

முதலாவது, சோர்வு, உப்புசம், மறதி, இனிப்பு ஆசை எல்லாமே குடலில் பெருகிய ஈஸ்டால் வருகிறது என்ற கதை. அமெரிக்காவில் அலபாமா மாநிலம் பர்மிங்ஹாமில் இருந்த ஓரியன் டிரஸ் என்ற டாக்டர் தொடங்கி வைத்தது. டென்னசியைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் வில்லியம் க்ரூக் 1983-ல் 'தி ஈஸ்ட் கனெக்ஷன்' என்று புத்தகம் போட்டுப் பரப்பினார். அதில் வருகிற கேள்விப் பட்டியலுக்கு பதில் எழுதிப் பார்த்தால் ஷிஃப்ட் வேலைக்குப் போகிற யாருக்குமே ஈஸ்ட் நோய் இருக்கும். 1990-ல் அதே பர்மிங்ஹாமில், அலபாமா பல்கலைக்கழக மருத்துவர்கள் இந்த நோய் இருப்பதாகக் கருதப்பட்ட 42 பெண்களை எடுத்து, நிஸ்டாட்டின் என்ற பூஞ்சைக்கொல்லியையும் வெற்று மருந்தையும் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். பிறப்புறுப்பு அரிப்பு நிஸ்டாட்டினில் நன்றாகக் குறைந்தது. சோர்வும் மனச்சோர்வும் வெற்று மருந்தில் எவ்வளவு குறைந்ததோ அவ்வளவுதான் நிஸ்டாட்டினிலும் குறைந்தது. ஈஸ்டைக் கொல்லும் மருந்தாலேயே தீராத சோர்வை, ஈஸ்டோடு போட்டி போடும் பாக்டீரியா எப்படித் தீர்க்கும் என்பதை இதுவரை எந்த வீடியோவும் விளக்கி நான் பார்க்கவில்லை.

வீட்டிலேயே செய்யும் எச்சில் பரிசோதனை ஒன்றும் சுற்றுகிறது. காலையில் ஒரு டம்ளர் தண்ணீரில் துப்பினால் நூல் நூலாக இறங்க வேண்டுமாம், இறங்கினால் கேண்டிடா. நானும் துப்பிப் பார்த்தேன், இறங்கியது. எச்சிலில் கோழை இருக்கும், இறங்கத்தான் செய்யும். மலத்தில் கேண்டிடா இருக்கிறது என்று லேப் ரிப்போர்ட் வந்தாலும் அதிலிருந்து பெரிதாக ஒன்றும் தெரியாது. ஆரோக்கியமானவர்கள் பலரின் குடலிலும் அது சும்மா குடியிருக்கும்.

இரண்டாவது, தீவிர சிகிச்சைப் பிரிவு. இங்கே விஷயம் நிஜம், ஆய்வும் நம் நாட்டில் நடந்தது. சண்டிகர் பிஜிஐ மருத்துவமனையில், பலமான ஆன்டிபயாடிக் ஏறிக்கொண்டிருந்த 150 குழந்தைகளில் பாதிப் பேருக்கு ப்ரோபயாடிக், பாதிப் பேருக்கு வெற்று மருந்து. 2013-ல் முடிவு வெளியானது. 14-ஆம் நாள் ஆசனவாய்ப் பரிசோதனையில், வெற்று மருந்துக் குழுவில் பாதிக் குழந்தைகளிடம் கேண்டிடா குடியேறியிருந்தது. ப்ரோபயாடிக் குழுவில் 31 சதவீதம். சிறுநீரில் கேண்டிடாவும் குறைந்தது. ஆனால் உயிரை எடுப்பது ரத்தத்தில் ஏறும் கேண்டிடா. அது குறைந்ததாகப் புள்ளியியல் ரீதியாகச் சொல்ல முடியவில்லை. மதிப்பான ஆய்வு, எனக்கு இதில் குறையே இல்லை. ஆனால் இதை எடுத்து, 'குடல் கேண்டிடாவை ப்ரோபயாடிக் குறைக்கும் என்று இந்திய ஆய்வு சொல்கிறது' என்று மெஸ் நடத்தும் அக்காவுக்கு விற்கிறார்கள். அவர் ஐசியுவில் இல்லை, பக்கத்து ஸ்டவ்வில் சாம்பார் கொதிக்கிறது.

அதே தீவிர சிகிச்சைப் பிரிவில் இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. பல ப்ரோபயாடிக்குகளில் இருக்கும் சாக்கரோமைசிஸ் பௌலார்டி, தானே ஒரு ஈஸ்ட். அந்த ஈஸ்ட் வகை ரத்தத்தில் ஏறிய ஏழு நோயாளிகளைப் பற்றி 2017-ல் இந்திய மருத்துவர்கள் எழுதினார்கள். தொடர்பு ப்ரோபயாடிக்கைக் காட்டியது. பெரிய ரத்தக்குழாயில் டியூப் போட்டிருப்பவர்களுக்கும் கவலைக்கிடமாக இருப்பவர்களுக்கும் இதைக் கொடுக்கக் கூடாது என்று ஐரோப்பிய மருந்து முகமையும் எச்சரித்தது. ஈஸ்டை விரட்ட ஈஸ்ட் வாங்குகிறோம் என்று லேபிளின் பின்பக்கத்தைப் படிக்கிற எத்தனை பேருக்குத் தெரியும்?

மூன்றாவதுதான் சாதாரண மக்களுக்கு வருவது: திரும்பத் திரும்ப வரும் பிறப்புறுப்பு அரிப்பு, வெள்ளைப்படுதல். இதில் ப்ரோபயாடிக் ஆதரவாளர்கள் 1992-ல் வந்த தயிர் ஆய்வைத்தான் முதலில் காட்டுவார்கள். தினமும் லாக்டோபாசில்லஸ் அசிடோஃபிலஸ் இருக்கிற தயிர் சாப்பிட்ட ஆறு மாதத்தில் தொற்று வெகுவாகக் குறைந்தது. ஆனால் 33 பேரில் திட்டப்படி முடித்தவர்கள் 13 பேர்தான். தயிரில் சுகம் கண்ட எட்டு பேர், தயிரை நிறுத்தும் கட்டத்துக்குப் போகவே மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்! யாருக்கு எது கொடுக்கப்படுகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்த ஆய்வு அது. 2004-ல் மெல்போர்னில் 235 பெண்களை வைத்து, வெற்று மருந்தோடு ஒப்பிட்டு, ஆன்டிபயாடிக் சாப்பிட்ட பிறகு வரும் தொற்றை லாக்டோபாசில்லஸ் தடுக்கிறதா என்று பார்த்தார்கள். தடுக்கவில்லை. தொடர்வதில் பயனில்லை என்று பாதியிலேயே நிறுத்தினார்கள். 2017 காக்ரேன் தொகுப்பு பத்து ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது: பூஞ்சை மருந்தோடு சேர்த்துக் கொடுத்தால் குறுகிய காலத்துக்குக் கொஞ்சம் உதவலாம், சான்றின் தரம் மோசம் என்பது அதன் முடிவு. 'மருந்தோடு சேர்த்து' என்பதைக் கவனியுங்கள். வீடியோக்களில் அந்த வார்த்தை காணாமல் போய்விடுகிறது.

'ப்ரோபயாடிக் அமிலம் சுரக்கும், அமிலத்தில் கேண்டிடா சாகும்' என்ற விளக்கமும் நிற்காது. பாக்டீரியாவால் வரும் வெள்ளைப்படுதலில்தான் அமிலத்தன்மை குறையும். கேண்டிடா தொற்றில் பிஎச் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். அந்தப் புளிப்பில் சௌகரியமாக வளரக்கூடியது அது. இன்னொன்று, 'நம்ம இட்லி மாவே ப்ரோபயாடிக்' என்று பெருமைப்படுவது. மாவு சரி. இட்லிப் பானையில் பத்து நிமிடம் வெந்த பிறகு அதில் உயிரோடு என்ன மிஞ்சும்? வாசலில் வெந்த பாட்டிலுக்கும் கிட்டத்தட்ட இதே கேள்விதான். ஸ்போர் வகை வெயிலைத் தாங்கும், லாக்டோபாசில்லஸ் அவ்வளவு தாங்காது. பேக் செய்யும்போது எத்தனை கோடி இருந்தது என்பதை லேபிள் சொல்லும், மே மாத வாசலில் எத்தனை மிஞ்சியது என்பதைச் சொல்லாது.

சரி, அக்கா மனைவியிடம் சொன்னது: ஐந்து மாதமாகக் கீழே அரிப்பு. யாரிடமும் காட்டக் கூச்சம். 'குடல் கேண்டிடா' என்று சொன்னால் கூச்சமில்லாமல் ஆன்லைனில் வாங்கலாம், வீட்டிலும் யாரும் கேட்க மாட்டார்கள். இந்தப் பாட்டில்கள் இவ்வளவு விற்பதற்கு இது ஒரு பெரிய காரணம் என்று நினைக்கிறேன். அறிவியலை அலசுகிற என்னைப் போன்றவர்கள் இதை எழுதுவதில்லை.

அக்காவுக்குச் சர்க்கரை உண்டு. மாத்திரை அட்டையை மனைவி வாங்கி வந்து காட்டினார். டாபாகிளிஃப்ளோசின். ஆறு மாதம் முன்பு சேர்த்தது. ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியே தள்ளும் மருந்து. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லது, 2020-ல் காப்புரிமை முடிந்து விலையும் குறைந்ததால் இப்போது நிறைய பேர் சாப்பிடுகிறார்கள். சிறுநீரில் சர்க்கரை போவதால் பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வருவது இதன் தெரிந்த பக்கவிளைவு, ஆண்களுக்கும் வரும். மாத்திரை சேர்த்த ஒரு மாதத்தில் அரிப்பு. மூன்று பாட்டில் ப்ரோபயாடிக் வாங்கிய காலத்தில் அக்கா ஒரு தடவைகூட ஹெச்பிஏ1சி பார்க்கவில்லை.

சர்க்கரை இருப்பவர்களுக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், இந்தத் தொற்று வந்த சர்க்கரை நோய்ப் பெண்களில் 61 சதவீதம் பேரிடம் இருந்தது கேண்டிடா கிளாப்ராட்டா. வழக்கமான அல்பிகன்ஸ் 29 சதவீதம்தான். கிளாப்ராட்டா இருந்தவர்களில், மருந்துக்கடையில் சாதாரணமாகக் கொடுக்கும் ஒற்றை ஃப்ளூகோனசோல் மாத்திரைக்குப் பூஞ்சை போனது 28.6 சதவீதம் பேருக்குத்தான். ஆக கல்ச்சர் எடுத்து எந்த வகை என்று பார்த்தால்தான் மருந்தே முடிவாகும். 'கேண்டிடா' என்று மொத்தமாக எழுதியிருக்கும் பாட்டிலில் இந்தப் பேச்சே கிடையாது. நம் நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கு மேல் என்கிறது 2023-ல் வந்த ஐசிஎம்ஆர் கணக்கு. இந்தச் சரக்குக்கு முதல் வாடிக்கையாளர்கள் யார் என்று யோசித்துப் பாருங்கள்.

மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள் என்று மனைவி திரும்பத் திரும்பச் சொல்லி, ஒரு பெண் டாக்டரிடம் கூட்டிப்போனார். ஸ்வாப் எடுத்தார்கள், சர்க்கரையும் பார்த்தார்கள். ஹெச்பிஏ1சி 9.4. கல்ச்சர் வர நாலைந்து நாள் ஆகும் என்றார்கள். திரும்பி வரும்போது அக்கா கேட்டது, 'பாட்டில்ல இன்னும் நாற்பது மாத்திரை இருக்கு, தூக்கிப் போட மனசு வரல, முடிச்சிடட்டுமா?' அதே கேள்வியை மனைவி டாக்டரிடமே கேட்டிருக்கிறார். 'சாப்பிட்டா சாப்பிடட்டும், நான் எழுதினதை விடாம போடச் சொல்லுங்க' என்றாராம். பாட்டிலின் அடியில், பொடி எழுத்தில், 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று விதிப்படி அவர்களே அச்சிட்டிருந்ததை அப்புறம்தான் அக்காவிடம் காட்டினேன். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் படித்தார்.