மறதியின் அருகே விழித்திருப்பவள்

நோயைப் பற்றி எழுதப்பெறும் இலக்கியம் பெரும்பாலும் நோயாளியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். கட்டிலுக்கு இந்தப் பக்கத்தில் விடிய விடியக் கண் விழித்திருப்பவரின் மீது விளக்கைத் திருப்பிய படைப்புகள் மிகச் சில. அச்சிலவற்றுள் முதலிடத்தை ஜப்பானிய எழுத்தாளர் சவாகோ அரியோஷியின் புதினம் ஒன்றுக்கு நாம் தயங்காமல் வழங்குவோம். 1972இல் வெளிவந்த அதன் பெயர் 'கோகொட்சு நோ ஹிட்டோ'. 'பரவசத்தில் ஆழ்ந்த மனிதர்' என்று தமிழில் சொல்லலாம். மில்ட்ரெட் தஹாராவின் ஆங்கில மொழிபெயர்ப்பு 'தி ட்விலைட் இயர்ஸ்' என்னும் பெயரில் 1984இல் வந்தது. அந்த ஆண்டிலேயே அரியோஷி தம் 53ஆம் வயதில் மறைந்தார். முதுமையை இத்தனை நுணுக்கமாக எழுதியவர் தாம் முதுமை எய்தவில்லை.

கதை எளியது. அக்கிகோ ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் தட்டச்சுப் பணி புரிகிறவள். கணவன் நொபுடோஷி, பள்ளியில் படிக்கும் மகன் சடோஷி. அதே மனையில் தனியாக ஒரு சிறு வீட்டில் மாமனாரும் மாமியாரும். ஒரு நாள் மாமியார் திடீரென இறந்துபோகிறார். மனைவி இறந்ததைக்கூட உணர இயலாதவராக மாமனார் ஷிகேசோ நிற்கும்போதுதான், 84 வயதுடைய அந்த முதியவரின் அறிவு தேயத் தொடங்கி வெகு காலமாயிற்று என்பது வீட்டாருக்குத் தெரிகிறது. அதுவரை அந்தச் சுமையைச் சுமந்தவர் யார் என்பதும் நமக்கு விளங்குகிறது. சுமந்தவள் போய்ச் சேர்ந்தாள். சுமை அடுத்த பெண்ணின் தோளுக்கு மாறிற்று. அவளிடம் எவரும் கேட்கவில்லை.

ஷிகேசோ உண்டதை மறந்து மீண்டும் உணவு கேட்கிறார். தெருவில் இறங்கிக் கால்போன போக்கில் நடந்துவிடுகிறார். இரவில் அவள் தூக்கம் துண்டு துண்டாகிறது. தாம் பெற்ற மகனையே யாரோ திருடன் என்றெண்ணிக் கூச்சலிடுகிற அவர், தாம் காலமெல்லாம் கடிந்து வந்த மருமகளை அடையாளம் கண்டுகொள்கிறார். இந்த முரணில் அரியோஷியின் கலை முழுதும் அடங்கியிருப்பதாக நாம் கருதுகிறோம். நினைவிழந்த ஒருவரால் இன்னாரென அறியப்படுவது பெருமைக்குரியதுதான். ஆனால் பெற்ற மகனையே அவர் அறியாதபோது அந்தப் பெருமையே அவளை அங்கிருந்து நகரவொட்டாமல் செய்கிறது. 'உன்னைத்தானே தேடுகிறார்' என்று சொல்லி மற்றவர்கள் விலகிக்கொள்ள அது வழியும் செய்து தருகிறது.

கணவன் நொபுடோஷியைத் தீயவனாக ஆசிரியர் காட்டவில்லை. அவன் குடித்து அடிப்பவனல்லன், தந்தையை வெறுப்பவனுமல்லன். தந்தையின் கோலத்தில் தன் எதிர்காலத்தைக் கண்டு அஞ்சுகிறான். அஞ்சியவன் அருகில் வராமல் இருந்துவிடுகிறான். இவ்வகை மனிதரை எந்த ஊரிலும் காணலாம். நம் பயான்களில் பெற்றோருக்குச் செய்யும் கித்மத்தைப் பற்றிக் கேட்டுக் கண்ணீர் வடிக்கும் மகன்கள், வீடு திரும்பி அந்தக் கித்மத்தை மனைவியிடம் ஒப்படைத்துவிட்டுக் கடைக்குப் போவதை நாம் பார்த்ததில்லையா? கட்டளை மகனுக்கு, வேலை மருமகளுக்கு என்று பங்கிட்டவர் யாரோ!

அக்கிகோ உதவி தேடி வெளியே போகும் பகுதிதான் நூலின் உச்சம். முதியோர் நலச் சட்டம் ஜப்பானில் 1963இலேயே வந்துவிட்டது. எனினும் ஷிகேசோவைப் போன்றவருக்கு ஏற்ற இடம் கிட்டவில்லை. நல அலுவலர் கைகாட்டுவது மனநோய் மருத்துவமனையைத்தான். வீட்டிலே வைத்துக்கொள்வது, அல்லது பைத்தியக்காரர்களோடு பூட்டி வைப்பது: இவ்விரண்டுக்கும் நடுவே ஒன்றுமில்லை. எவர்மீதும் குற்றம் சுமத்தாத நடையில் அரியோஷி இதை எழுதிச் செல்வதால் படிப்பவருக்கு மூச்சு முட்டுகிறது.

இது புதினமா, சமூக நல அறிக்கையா என்று கேட்பவர் உண்டு. பாத்திரங்கள் சில இடங்களில் செய்தித்தாள் கட்டுரையைப் போலப் பேசுவது மெய்தான். மொழிபெயர்ப்பில் அது இன்னும் உறுத்துகிறது. ஆனால் நமது குறை வேறு.

பிற்பகுதியில் ஒரு நாள் ஷிகேசோ குளியல் தொட்டியில் மூழ்கிவிடுகிறார். நிமோனியாக் காய்ச்சல் கண்டு பிழைக்கிறார். தன் கவனக்குறைவால் நேர்ந்ததென்று துடித்த அக்கிகோ, இனி அவரை இயன்ற மட்டும் வாழவைப்பதே தன் பணி என உறுதி கொள்கிறாள். அதன்பின் கதையின் தொனியே மாறுகிறது. வெறுப்பு கனிவாகிறது, முதியவர் குழந்தையாகிறார், அவள் தாயாகிறாள். படிக்க இதமாகத்தான் இருக்கிறது. ஆயினும் ஊரும் அரசும் விடை சொல்ல வேண்டிய ஒரு கேள்விக்கு ஒரு பெண்ணின் மனமாற்றம் விடையாகிவிடுகிறது. அதுவும் குற்ற உணர்வில் விளைந்த மனமாற்றம்! பராமரிப்போர் பலரை ஆட்டிப் படைப்பது இந்தக் குற்ற உணர்வு. அதை மருந்தாகக் காட்டியது சரியன்று என்பதே நம் எண்ணம்.

வியப்பு என்னவெனில், ஆசிரியரின் கதையே ஆசிரியரை மறுக்கிறது. அக்கிகோ முறிந்து விழாமல் நின்றது எதனால்? பக்கத்து வீட்டு மூதாட்டி ஷிகேசோவை முதியோர் மன்றத்துக்கு அழைத்துப் போனாள். அந்தச் சில மணி நேரம் இவளுக்குக் கிடைத்தது. வேலை நாட்களைக் குறைத்துக்கொள்ள அலுவலகம் இடம் தந்தது. மாமனாரின் வீட்டில் குடிவந்த மாணவ இணையருள் எமி என்ற பெண், கூலி பெற்றுக்கொண்டு பகலில் முதியவரைப் பார்த்துக்கொண்டாள். எமிக்கு அவர்மீது கடனுமில்லை, கசந்த பழங்கதையுமில்லை. ஆகவே சிரித்துக்கொண்டே செய்கிறாள். மனமாற்றம் நிகழ்ந்தது உண்மையாகவே இருக்கட்டும். அது நிகழ்வதற்கு வேண்டிய தூக்கத்தை அவளுக்குத் தந்தவர்கள் இவர்கள். அரியோஷி இதைப் பார்த்திருக்கிறார், எழுதியும் இருக்கிறார். ஆனால் விளக்கை அதன்மேல் நிறுத்தவில்லை.

நூல் பத்து இலட்சத்துக்கும் மேலான படிகள் விற்றது. 1973இல் ஷிரோ டொயோடாவின் இயக்கத்தில் படமாயிற்று. ஹிசாயா மொரிஷிகே மாமனாராகவும் ஹிடெகோ டகாமினே மருமகளாகவும் நடித்தனர். நூலின் தலைப்பே மறதி நோயுற்ற முதியவர்களைக் குறிக்கும் சொல்லாக அந்நாட்டில் வழங்கலாயிற்று. 1980இல் கியோட்டோவில் இத்தகைய குடும்பத்தினர் தமக்கென ஒரு சங்கம் கண்டனர். மூடத்தனம் என்ற பொருள் தொனிக்கும் பழைய நோய்ப்பெயரை 2004இல் அரசு கைவிட்டு, அறிதலோடு தொடர்புடைய புதுப்பெயரைச் சூட்டியது. (நம் வீடுகளில் 'புத்தி பேதலித்துவிட்டது' என்று சொல்லும்போது அந்தச் சொல் எங்கே போய்த் தைக்கிறது என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.)

இவற்றுள் பெரியது 2000 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீடு. 40 வயதிலிருந்து அனைவரும் சந்தா செலுத்துகின்றனர். பகல்நேரப் பராமரிப்பு, சில நாள் தங்கும் வசதி, வீட்டுக்கு வரும் உதவியாளர் எனச் சேவைகள் கிட்டுகின்றன. சட்டம் உருவானபோது, வீட்டில் பார்த்துக்கொள்பவருக்குப் பணமாகவே கொடுத்துவிடலாமா என்ற வாதம் எழுந்தது. ஜெர்மனியில் 1995 முதல் அவ்வாறு பணம் பெறும் வழி இருந்தது. ஜப்பானியப் பெண்ணுரிமையாளர் பலர் எதிர்த்தனர். பணம் வந்தால் மருமகளின் விலங்குக்கு விலை நிர்ணயமாகுமே தவிர விலங்கு கழலாது என்பது அவர்கள் அச்சம். பணத்தை விடுத்துச் சேவையே வழங்குவதென முடிவாயிற்று. இருபுறமும் நியாயம் இருப்பதாகவே நமக்குப் படுகிறது. வேலையை விட்டுவிட்டவளுக்கு வருவாய் எங்கே என்ற கேள்வி அந்த முடிவால் தீரவில்லை. ஆனால் அக்கிகோவுக்குக் கிடைத்த மூதாட்டியையும் எமியையும் அக்கம்பக்கத்தின் தற்செயலாக விடாமல் ஒரு முறையாகவே அமைத்ததை நாம் குறைத்து மதிப்பிட முடியாது.

நூலின் இறுதியில் ஷிகேசோ மறைகிறார். இன்னும் கொஞ்ச நாள் இருந்திருக்கலாமே என்ற பொருளில் பேரன் ஏதோ சொல்ல, அதுவரை அழாத அக்கிகோ, முதியவருக்காக வாங்கிய பறவைக் கூண்டை அணைத்துக்கொண்டு அழுகிறாள். நாமும் அந்த இடத்தில் நூலைச் சற்று மூடி வைத்துவிட்டோம். பிறகு தோன்றியது: மறுவாரம் அவள் அலுவலகம் போனாளா? விட்ட நாட்களை அங்கே எவ்விதம் கணக்கிட்டார்கள்? நள்ளிரவில் எழுப்ப யாருமில்லாதபோதும் எழுந்து உட்கார்ந்தாளா? அந்த ஓர் அத்தியாயத்தை அரியோஷி எழுதவில்லை.