காதுக்கு எட்டாத வன்னி

தமிழில் ஒலிநூல் எங்கே கிடைக்கும் என்று கேட்பவருக்கு இன்று விடை சொல்வது சுலபம். கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’, ‘சிவகாமியின் சபதம்’ முதலிய நாவல்களைப் பாம்பே கண்ணன் குழுவினர் பல குரல்களில், நாடகமாகவே ஒலிப்பதிவு செய்து வெளியிட்டுப் பல வருடங்கள் ஆகிவிட்டன. ஸ்டோரிடெல், ஆடிபிள், குக்கூ எஃப்எம் போன்ற செயலிகள் சந்தா வாங்கிக்கொண்டு கதை சொல்கின்றன. யூடியூப்பில் புதுமைப்பித்தனும் ஜெயகாந்தனும் யார் யாருடைய குரல்களிலோ இலவசமாகவே கிடைக்கிறார்கள். உரிமை காலாவதியான நூல்களைத் தன்னார்வலர்கள் வாசித்துப் பதிவேற்றும் லிப்ரிவாக்ஸ் 2005இல் தொடங்கியது. அதிலும் கொஞ்சம் தமிழ் உண்டு. கிளிநொச்சியில் ஒரு கைத்தொலைபேசியும் சிறிது டேட்டாவும் உள்ளவருக்குச் சோழநாடு உடனே வந்து சேர்ந்துவிடும். அதே ஆள் தண்ணிமுறிப்புக் காட்டையும் அதன் மனிதரையும் சொல்லும் அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’யையோ, கிளிநொச்சிக் குடியேற்றத்தின் கதையான தாமரைச்செல்வியின் ‘பச்சை வயல் கன’வையோ கேட்க விரும்பினால், அந்தச் செயலிகளில் தேடுவது பெரும்பாலும் வீண். காவிரிக்கரை காதுக்கு எட்டுகிறது, வன்னியின் தண்ணிமுறிப்பு எட்டவில்லை. இந்த இடைவெளியைச் சந்தை நிரப்பாது, வன்னியின் நூலகங்களும் பள்ளிக்கூடங்களும் தாமே பதிவுசெய்ய இறங்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஒலிநூலை நகரத்தாரின் புதுப் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவோர் உண்டு. வன்னியின் பழக்கவழக்கம் அறிந்தவர் அப்படிச் சொல்லமாட்டார். கோயில்களில் கந்தபுராணம் படிக்கும்போது ஒருவர் செய்யுளை இராகத்தோடு வாசிப்பார், மற்றவர் பயன் சொல்வார், ஊர் கேட்கும். எழுதப்பட்ட நூலொன்று, எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் தெரிந்தவருக்கும் ஒரே நேரத்தில் குரலால் போய்ச் சேரும் ஏற்பாடு அது. பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை ‘கந்தபுராணக் கலாசாரம்’ என்று பெயரிட்டது இத்தகைய கேள்வியால் வளர்ந்த சமூகத்தைத்தான். முல்லைத்தீவில் கண்ணகி கதை ‘சிலம்பு கூறல்’ என்ற பெயரிலேயே வழங்குகிறது; வற்றாப்பளைக் கண்ணகி அம்மனை அறிந்த பலருக்கு அந்தக் கதை புத்தகத்தால் வந்ததல்ல. யானையை அடக்கிய அரியாத்தையின் கதை ஒப்பாரியாகவே நின்றது. பிறகு வானொலி வந்தது. இலங்கை வானொலியில் சானாவின் ‘லண்டன் கந்தையா’வும் சில்லையூர் செல்வராசனின் ‘தணியாத தாக’மும் வீடு வீடாகக் கேட்கப்பட்டன. பொருளாதாரத் தடை இருந்த 1990களில் பற்றரி கிடைக்காமல், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதியைச் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் வானொலி கேட்டார்கள். கேட்பதற்காக இவ்வளவு பாடுபட்ட ஊரைக் கேட்கும் பழக்கம் இல்லாத ஊர் என்று எப்படிச் சொல்வது?

தேவையின் பக்கம் இன்னும் அழுத்தமானது. ஒலிநூலின் பிறப்பிலேயே போர் இருக்கிறது. பிரித்தானியாவில் பார்வையற்றோருக்கான தேசிய நிறுவனம் 1935இல் ‘பேசும் நூல்’ சேவையைத் தொடங்கியபோது, முதல் உலகப் போரில் கண்ணிழந்த படைவீரர்கள்தான் அதன் மனத்தில் இருந்தார்கள். வளர்ந்த பிறகு பார்வை போனவருக்குப் பிரெய்ல் விரலில் படிவது கடினம், கையும் சிதைந்தவருக்கு அதுவும் இல்லை. ஆகவே நாவல்களைக் கிராமபோன் தட்டுகளில் பதிந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். 2009 மே மாதத்தில் போர் முடிந்த வன்னிக்கு இந்த வரலாறு தொலைதூரத்துச் செய்தியல்ல. எறிகணையிலும் கண்ணிவெடியிலும் பார்வை இழந்தவர்கள் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் இருக்கிறார்கள். அவர்களில் பலர் முன்பு நன்றாக வாசித்தவர்கள். முல்லைத்தீவு வள்ளிபுனத்தில் இனிய வாழ்வு இல்லம் பார்வையும் செவிப்புலனும் குறைந்த பிள்ளைகளைப் பராமரிக்கிறது. சுன்னாகம் வாழ்வகத்துக்கும் கைதடி நுபீல்ட் பாடசாலைக்கும் செல்வோரும் உண்டு. இவர்களில் பார்வை குறைந்த பிள்ளைகள் பாடப்புத்தகத்துக்கு அப்பால் தங்கள் ஊரின் ஒரு கதையையாவது குரலில் கேட்டு வளரவேண்டாமா? பார்வையற்றோருக்காக நூல்களை வாசிக்கத்தக்க வடிவுக்கு மாற்ற, உரிமையாளரின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை என்கிறது 2013இல் உருவான மராகேஷ் உடன்படிக்கை. இலங்கை 2016இல் அதில் இணைந்தது, 2022இல் புலமைச் சொத்துச் சட்டமும் அதற்கேற்பத் திருத்தப்பட்டது. கதவைச் சட்டம் திறந்துவிட்டது, உள்ளே போக ஆள்தான் இல்லை.

பொது வாசகருக்கான ஒலிநூல் என்றால் கதை வேறு. தமிழ்நாட்டு நூல்கள் இவ்வளவு தாராளமாகக் குரல் பெற்றதற்கு இரசனை மட்டும் காரணமல்ல. 1949இல் பாரதி படைப்புகளின் உரிமையை வாங்கியதில் தொடங்கி, அங்குள்ள அரசு பல எழுத்தாளர்களின் குடும்பங்களுக்குப் பரிவுத்தொகை கொடுத்து நூல்களை நாட்டுடைமை ஆக்கிவருகிறது. கல்கியும் புதுமைப்பித்தனும் அப்படி விடுபட்டவர்கள்; யார் வேண்டுமானாலும் ஒலிவாங்கியின் முன் உட்கார்ந்து வாசிக்கலாம். ஈழத்து எழுத்தாளருக்கு அப்படியொரு ஏற்பாடு இல்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, எழுத்தாளர் இறந்து 70 ஆண்டுகள் வரை உரிமை நீடிக்கும். வீரகேசரி பிரசுரமாக 1973இல் வந்த ‘நிலக்கிளி’யை இன்று ஒருவர் வாசித்துப் பரப்ப அனுமதி வேண்டும். அனுமதி கேட்க எழுத்தாளரையோ வாரிசையோ தேடவேண்டும், அவர்களில் பலர் கடல் கடந்து வாழ்கிறார்கள். இலாபம் பார்க்கும் நிறுவனம் எதற்காக இந்த அலைச்சலை ஏற்கும்? ஆயிரம் பிரதிகூட அச்சிடத் தயங்கும் சந்தைக்கு அது ஒலிக்கூடத்தை வாடகைக்கு எடுக்காது. இதில் கோபப்பட ஒன்றுமில்லை, கணக்கு அப்படி.

கேட்பது வாசிப்பாகுமா என்ற ஆட்சேபணைக்கு இனி வருவோம். இதை எழுப்புவோர் பெரும்பாலும் நல்ல வாசகர்கள், அவர்களது அச்சத்தைத் தட்டிக்கழிக்க முடியாது. 2022இல் வெளியான வேர்ஜீனியா கிளின்ரன்-லிசெலின் ஆய்வு, 46 ஆய்வுகளில் பங்கேற்ற 4,687 பேரின் முடிவுகளைத் தொகுத்துப் பார்த்தது. மொத்தத்தில் வாசித்தவருக்கும் கேட்டவருக்கும் விளங்கிக்கொள்வதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் தம் வேகத்தில் நிறுத்தி, திரும்பிப் பார்த்து வாசிக்க முடிந்தவர்களும், வெளிப்படையாகச் சொல்லாததை ஊகிக்க வேண்டிய இடங்களில் வாசித்தவர்களும் சற்று முன்னே நின்றார்கள். ஆகவே உயர்தரப் பௌதிகத்தையோ சட்டநூலையோ காதால் மட்டும் கற்கச் சொல்வது தவறு. கதைக்கும் வாழ்க்கை வரலாற்றுக்கும் இந்தத் தடை மிகக் குறைவு. அதோடு, கேட்பவர் எல்லோரும் வாசிப்பைக் கைவிட்டுக் கேட்பவர்கள் அல்லர். விடியப் பேருந்து ஏறி அறிவியல்நகரின் ஆடைத் தொழிற்சாலைக்குப் போய் இருட்டும்போது திரும்பும் பெண்ணிடம் இருப்பது பேருந்து நேரம் மட்டுமே. அதைப் புத்தகத்திடமிருந்து ஒலிநூல் பறிக்கவில்லை, சினிமாப் பாட்டிடமிருந்துதான் கொஞ்சம் கேட்கிறது.

இன்னொரு கேள்வி நவீனமானது: இயந்திரமே வாசிக்கும்போது மனிதர் எதற்கு? மைக்ரோசொஃப்டின் பேச்சுச் சேவையில் இலங்கைத் தமிழுக்கென்றே குமார், சரண்யா என்று இரு செயற்கைக் குரல்கள் உள்ளன. பார்வையற்றோர் இலவசத் திரைவாசிப்பான் என்விடிஏயைத் தமிழிலும் பயன்படுத்தலாம். செய்திக்கும் கடிதத்துக்கும் பாடக்குறிப்புக்கும் இது பெரிய உதவி, யாரும் குறைத்துப் பேசக்கூடாது. நூலுக்கு வரும்போது இரண்டு தடைகள் எழுகின்றன. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் பெருந்தொகையாக எண்ணிமப்படுத்திக் காத்துவருகிறது. அந்தப் பணி இல்லாவிட்டால் இந்த விவாதத்துக்கே இடமிருந்திராது. ஆனால் அவற்றில் பெரும்பகுதி பக்கங்களின் படம். படத்தை இயந்திரம் வாசிக்காது. முதலில் எழுத்தாக்க வேண்டும், மங்கிய அச்சிலும் பழைய எழுத்துருவிலும் பிழை மலியும், திருத்த மனிதர் வேண்டும். இரண்டாவது தடை உச்சரிப்பு. வன்னி நாவலின் உயிர் உரையாடலில் இருக்கிறது. காட்டோரக் கமக்காரனின் பேச்சைச் செய்தி வாசிக்கும் தொனியில் கேட்டால் கதை செத்துவிடும். தமிழ்நாட்டுக் குரல்கலைஞர் வாசித்தாலும், எவ்வளவு தேர்ந்தவராயினும், றகரமும் வாக்கியத்தின் ஏற்ற இறக்கமும் வேறாகிவிடும். அது அவர் குற்றமல்ல.

செலவு பற்றிய பயம் மிகைப்பட்டது. சுமாரான ஒலிவாங்கி, இலவசமான ஓடாசிற்றி மென்பொருள், மெத்தையும் திரைச்சீலையும் உள்ள அமைதியான அறை, இவை போதும். ஒலிபெருக்கி வாடகை கொடுத்துத் திருவிழா நடத்தும் ஊருக்கு இது பெரிய காசு அல்ல. அரிதானது பயிற்சி பெற்ற குரல், அதுவும் இங்கே உண்டு: புராணம் படிப்பவர்கள், கூத்தில் ஆடியவர்கள், தமிழ்த்தினப் போட்டிகளில் பேசிப் பழகிய மாணவர்கள், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்கள். பதிந்ததை வைக்கவும் இடம் இருக்கிறது, நூலகம் நிறுவனத்தின் ஆவணகம் ஒலிப்பதிவுகளையும் ஏற்றுக்கொள்கிறது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாவின் பிரதேச சபை நூலகங்களும் சனசமூக நிலையங்களும் ஆளுக்கொரு நூலை ஏற்றுத் தொடங்கலாம். பார்வையற்றோருக்கான பதிவை மராகேஷ் உடன்படிக்கையின் வழியே உரிய நிறுவனமொன்றுடன் சேர்ந்து உடனே செய்யலாம். பொதுவெளிக்கான பதிவுக்கு, இன்று நம்மிடையே வாழும் எழுத்தாளர்களிடம் ஒரு பக்கக் கடிதத்தில் இப்போதே அனுமதி கேட்டு வாங்கிவையுங்கள். அவர்கள் காலத்துக்குப் பின் வாரிசுகளைத் தேடி அலைவதைவிட அது எளிது, எழுத்தாளரே தம் முதல் அத்தியாயத்தைத் தம் குரலில் வாசித்துத் தரவும் கூடும்.