மாடுதான் ஜெயிக்கும்!

டொராண்டோவில் இருக்கும் நம்மூர்க்காரர்களிடம் அக்டோபரில் போன் பேசினால், குளிரைப் பற்றிப் புலம்புவதற்கு முன்னால் ஐஸ் ஹாக்கி பற்றிப் புலம்புவார்கள். பனித்தரையில் சறுக்கிக்கொண்டே மட்டையால் கறுப்பு ரப்பர் வில்லையை விரட்டும் விளையாட்டு. அந்த ஊர் அணி, மேப்பிள் லீஃப்ஸ். கடைசியாக ஸ்டான்லி கோப்பையை வாங்கியது 1967-ல். நம் கணக்கில், அண்ணா முதலமைச்சரான வருடம். அதற்கப்புறம் 2025 வரை கோப்பை அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. இருந்தாலும் ஒவ்வொரு சீசனுக்கு முன்பும் 'இந்த வருஷம் நமக்குத்தான்' என்று கணிப்பு வெளியாகும். ரசிகன் என்பவன் அப்படித்தான்.

புதுக்கோட்டைப் பக்கம் இதே காய்ச்சல் மார்கழியில் வரும். தமிழ்நாட்டிலேயே அதிக வாடிவாசல்கள் இருக்கும் மாவட்டம் என்ற பெயர் அதற்கு உண்டு. ஜனவரியில் ஆரம்பித்தால் மே கடைசி வரை ஏதாவது ஓர் ஊரில் மாடு அவிழ்த்துக்கொண்டே இருப்பார்கள். இங்கே லீக் கிடையாது, பாயின்ட்ஸ் டேபிள் கிடையாது. ஆனால், டீக்கடைக்கு டீக்கடை கணிப்பு உண்டு. நானும் என் பங்குக்கு ஐந்து சொல்கிறேன். ஜோசியம் இல்லை, பழைய சீசன்களைப் பார்த்த அனுபவம்தான்.

கணிப்பு ஒன்று: முதல் வாடிவாசல் கந்தர்வகோட்டைப் பக்கத்துத் தச்சங்குறிச்சியில்தான் திறக்கும். தேதிதான் கடைசிவரை ஆட்டம் காட்டும். 2024-ல் ஜனவரி 6, 2025-ல் ஜனவரி 4. 2023-ல் 6-ம் தேதி என்று சொல்லி, ஏற்பாடு போதவில்லை என்று தள்ளிப்போய் 8-ம் தேதி நடந்தது. அந்த இரண்டு நாள் தாமதத்துக்கு ஊரே அதிகாரிகளைத் திட்டியிருக்கும். ஐந்தாவது கணிப்பைப் படித்துவிட்டுத் திட்டலாமா என்று முடிவு செய்யுங்கள்.

கணிப்பு இரண்டு: மாடுதான் ஜெயிக்கும். இதில் பந்தயமே கட்டலாம். 2024-ல் அலங்காநல்லூரில் 800 காளைகளுக்கு மேல் அவிழ்த்தார்கள். முதல் பரிசு வாங்கிய வீரர் பிடித்தது 18. அவர் எல்லாச் சுற்றிலும் நிற்கப் போவதில்லை என்று தள்ளுபடி கொடுத்தாலும், கணக்கு மாட்டுப் பக்கம்தான் சாய்கிறது. கொம்பைப் பிடிக்கக் கூடாது, வாலைப் பிடிக்கக் கூடாது, ஒருத்தர்தான் பிடிக்க வேண்டும், திமிலை மட்டும்தான். மாடு மூன்று துள்ளு துள்ளும் வரை, அல்லது 15 மீட்டர், அல்லது 30 விநாடி தொங்கினால் ஜெயம். எழுதப் படிக்க எளிது. நிஜத்தில் அந்த மூன்றாவது துள்ளலுக்குள் பாதிப் பேர் மண்ணைக் கவ்வியிருப்பார்கள். ரசிகனுக்கும் உள்ளூர இதுதான் பிடிக்கும். வெளியே வந்து ஓடாமல், திரும்பி நின்று, மண்ணைக் கிளறி, 'வாடா பார்ப்போம்' என்று சுற்றுகிற மாட்டுக்குத்தான் விசில். 'நின்னு விளையாடுற மாடு' என்பார்கள். அதற்கு மேல் ஒரு பாராட்டு இந்த ஊர் பாஷையில் இல்லை.

கணிப்பு மூன்று: அந்த மாதிரி மாட்டைப் பார்க்கிற வாய்ப்பு இன்னும் குறையும். காரணம், எண்ணிக்கை மோகம். 2019 ஜனவரி 20 அன்று விராலிமலையில் உலக சாதனை என்று 1,350 காளைகளுக்கு மேல் அவிழ்த்தார்கள். எட்டு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் ஒரு மாட்டுக்கு 21 விநாடி! சட்டம் கொடுக்கிற 30 விநாடியைவிடக் குறைச்சல். ஒரு வருஷம் பூரா பருத்திக்கொட்டையும் பேரீச்சம்பழமும் போட்டு, கண்மாயில் நீச்சல் விட்டு, பிள்ளை மாதிரி வளர்த்த மாடு. அது வந்ததும் போனதும் தெரியவில்லை. அதற்குள் ஒலிபெருக்கியில் அடுத்த மாட்டின் பெயர். கூட்டத்தை எண்ணுகிறவனுக்கு இது சாதனை. ஆட்டத்தைப் பார்க்கிறவனுக்கு நஷ்டம். டெஸ்ட் மேட்ச் ரசிகனை உட்கார வைத்து ஹைலைட்ஸ் போட்டுக் காட்டின மாதிரி.

இந்த ஒலிபெருக்கிக்காரரைப் பற்றித் தனியாகவே எழுதலாம். என் கணக்கில் நாட்டின் மிகச் சிறந்த வர்ணனையாளர்கள் இவர்கள்தான். 'தொட்டுப் பாரு... தொட்டுப் பாரு...' என்று மாட்டுக்காக வீரனைச் சீண்டுவார். வீரன் ஜெயித்தால் அதே மூச்சில் கட்சி மாறி அவனைத் தம்பி என்பார். 'மாடு ஜெயிச்சிருச்சு, மாட்டுக்கார அண்ணன் வந்து கட்டிலை வாங்கிட்டுப் போங்க' என்று தீர்ப்பும் சொல்வார். நடுவர், விமர்சகர், கடைக்காரர் மூன்றும் ஒரே ஆள். பரிசுப் பட்டியல் கார், டிராக்டர் வரைக்கும் வளர்ந்தாலும் அண்டா, பீரோ, சைக்கிளுக்கு இன்னும் மவுசு குறையவில்லை. வரும் சீசனிலும் குறையாது. இதைக் கணிப்பில் சேர்க்கவில்லை, இனாம்.

கணிப்பு நான்கு: ஏதாவது ஒரு நல்ல மாடு, மனுஷன் கையால் இல்லாமல், மரக்கட்டையால் தோற்கும். 2018 பிப்ரவரியில் தென்னலூரில் அப்போதைய சுகாதாரத் துறை அமைச்சர் விஜயபாஸ்கரின் 'கொம்பன்' வாடிவாசல் கட்டையில் மோதி இறந்துபோனது. பேர் பெற்ற மாடு. 2023 மே மாதம் வடமலாப்பூரில் அவருடைய 'கருப்புக் கொம்பன்' அதே மாதிரி கட்டையில் மோதி விழுந்து, சிகிச்சை பலிக்காமல் செத்தது. நடுவில் ஐந்து வருடம். இருட்டான சந்திலிருந்து வெளிச்சத்துக்குப் பாய்கிற மாடு, வாசல் கட்டையில் மோதக்கூடும் என்று கண்டுபிடிக்க ஐ.ஐ.டி. வேண்டாம். பழைய டயரையோ வைக்கோல் பிரியையோ கட்டையில் சுற்றலாம். அமைச்சராக இருந்தவர் வீட்டு மாட்டுக்கே இந்தக் கதி என்றால், கூலி வேலைக்குப் போய்க்கொண்டு ஒற்றை மாடு வளர்க்கிறவர் மாட்டுக்கு என்ன ஆனது என்று எந்தப் பேப்பரில் வரும்?

கணிப்பு ஐந்து. இதைச் சொல்லத்தான் மற்ற நான்கும். மாடு குத்தி யாராவது சாவார்கள். செத்தவர் மாடுபிடி வீரராக இருக்க வேண்டும் என்று அவசியமில்லை.

2017 ஜனவரியில் மெரினா போராட்டம் முடிந்தும் முடியாமல், அவசரச் சட்டம் வந்த கையோடு இராப்பூசலில் ஜல்லிக்கட்டு நடந்தது. இரண்டு பேர் இறந்தார்கள். விராலிமலை உலக சாதனை அன்றைக்கும் இரண்டு பேர். வேடிக்கை பார்க்கப் போனவர்கள். சாதனைச் செய்தியின் வால் பக்கத்தில் அவர்கள் இருந்தார்கள்.

ஆட்டத்தைத் தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இல்லை. வாடிவாசலுக்கு முன்னால் இரட்டை வேலி, டாக்டர், ஆம்புலன்ஸ், போலீஸ், கேமரா எல்லாம் உண்டு. வீரனுக்கு மாடு எங்கிருந்து வரும் என்று தெரியும், விலகத் தெரியும். ஆபத்து அதைத் தாண்டித்தான். வேலி முடிகிற இடத்தில் மாட்டைப் பிடித்துக் கட்டும் 'கலெக்‌ஷன் பாயின்ட்'. மிரண்டுபோய் வருகிற மாடு, கயிற்றோடு நிற்கும் சொந்தக்காரர், பக்கத்தில் பைக்கில் உட்கார்ந்து செல்போனில் படம் பிடிக்கிற விடலைகள், முறுக்கு விற்கிற அம்மா. அங்கே வர்ணனை கிடையாது, பரிசு கிடையாது. மாட்டுக்கு அது ஆட்டமா, முடிந்துவிட்டதா என்று தெரியாது.

இதை எழுதினால் 'நீ யார் பக்கம்?' என்று கேட்பார்கள். 2014-ல் உச்ச நீதிமன்றம் தடை போட்டபோது அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. வழக்கு நடக்கும்போது நம் குறையை நாமே சொன்னால் எதிர்க்கட்சி வக்கீலுக்கு பாயின்ட் எடுத்துக் கொடுத்த மாதிரி. அதனால் வாயை மூடிக்கொண்டிருந்தோம். 2023 மே 18 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு தமிழ்நாட்டின் சட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டது. நடத்தலாமா என்ற கேள்வி முடிந்தது. எப்படி நடத்துவது என்ற கேள்வி அன்றுதான் ஆரம்பித்தது. நாமோ ஜெயித்த சந்தோஷத்தில் அதைக் கேட்க மறந்துவிட்டோம்.

இனிமேல் ஜல்லிக்கட்டைக் கறாராக விமர்சிக்க வேண்டியவன் ரசிகன்தான். மற்றவர்கள் சொன்னால் எதிரி என்று தள்ளிவிடுவார்கள். நாம் கேட்பதும் பெரிய விஷயமில்லை. மாட்டு எண்ணிக்கையைக் குறைத்து, ஒவ்வொன்றுக்கும் ஆடி முடிக்க நேரம் கொடுங்கள். வாசல் கட்டைக்கு மெத்தை கட்டுங்கள். வேலியை மாடு பிடிபடுகிற இடம் வரைக்கும் நீட்டி, சொந்தக்காரரைத் தவிர மற்றவர்களை வெளியே நிறுத்துங்கள். ஒரு பரிசுக் காரின் விலையில் எவ்வளவு சவுக்குக் கம்பு வாங்கலாம் என்று விழா கமிட்டி கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.

முதல் நான்கு கணிப்பும் பலித்தால் எனக்கு டீ வாங்கிக் கொடுங்கள். ஐந்தாவது பொய்த்தால் நான் விருந்தே வைக்கிறேன். ஜனவரியில் தச்சங்குறிச்சிக்குப் போகிறவர்கள் வாடிவாசலைப் பார்த்தது போதும், நடந்துபோய் வேலி முடிகிற இடத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். இந்த சீசன் எப்படி இருக்கும் என்று அங்கேயே தெரிந்துவிடும்.